நீ முடிக்காமல் விட்ட நாலு வரி

என் செல்லத் தம்பி வேலு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் என்னால் இனி இருக்க முடியவில்லை.

கல்லூரியில் தமிழில் பாடம் நடத்தப் போகிறார்கள் என்று, நீ பௌதிகப் புத்தகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாய். நெஞ்சு நோயோடு செஞ்சிக்கு நம் வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒருநாள் அடுப்படிக்கு வந்து நின்றாய்.

“அக்கா, ஒரு பொருள் சூடேறியே வெளிச்சம் குடுக்குது பாரு. அதுக்கு இன்னா சொல்றது?”

நெருப்பில் கிடந்து சிவந்திருந்த இரும்பு ஊதுகுழலைக் காட்டி, “பழுத்துடுச்சுன்னு சொல்வோம்” என்றேன்.

“அது இரும்புக்கு. வெளிச்சத்துக்கு?”

“கனலுதுன்னு சொல்வோம். வேற இன்னா?”

குனிந்து குழலைப் பார்த்தாய். பிறகு, “கனலொளி” என்றாய். “இதுல குழல் எரியல அக்கா. சூடுதான் வெளிச்சமா வருது. பல்புக்குள்ள கம்பியும் இப்படித்தான்.” அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய்.

மறுவாரம் இருமல் முற்றியது. எழுதவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

“அக்கா, நோட்டைக் குடு. நாலு வரிதான்.”

“உடம்பு தேறட்டும், தரேன்.”

இரண்டு நாள் கேட்டாய். மூன்றாம் நாள் கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று நிம்மதியாகச் சமைத்தேன். உனக்கு அன்று கேட்கவும் தெம்பில்லையா? இல்லை, என் மேல் கோபமா? ஐந்தாம் நாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தாய். வல்லத்துக்குப் போயிருந்த நைனா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வாரம்தான் பெட்டியைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் “கனலொளி என்பது” என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

உன்னோடு வேலை பார்த்த சுந்தரம் நேற்று வந்திருந்தார். மீதியைத் தானே எழுதி அச்சுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். “அந்த எடத்தை மட்டும் நான் எழுதறேன் தம்பி” என்றேன். எட்டாவதோடு நின்றவள் நான். அடுப்படியில் நீ சொன்னதை நீ சொன்னபடியே எழுதினேன். எழுத்து கோணிப்போனது. சுந்தரம் படித்துவிட்டு, “சரியா இருக்குதுக்கா” என்றார். நைனா எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்விட்டார்.

நான் செய்தது உன்னைக் காப்பாற்றத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ சொன்னால்தான் நம்புவேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி யார் என்னிடம் எதைக் கேட்டாலும், அப்புறம் என்று சொல்லமாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா தனம்