சுடர் மஞ்சளாக எரிந்தால்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை, உள்ளே போய் அம்மாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஆபீஸ் குறிப்பு எழுதியே காலம் கழித்தவன் ஆகையால் சொல்ல வேண்டியதை எண் போட்டுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பதற்றத்தில் ஏதாவது விட்டுப்போகும்.

1. உன் குளியலறை கேஸ் கீசரை நீ பற்றவைக்கக் கூடாது.
2. அதில் எது வீட்டுக்காரர் பொறுப்பு, எது குடியிருப்பவர் பொறுப்பு.
3. பயம் எனக்கு மட்டும்தான். அம்மா தைரியமாக இருக்கிறாள், ஆகவே நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

இதையெல்லாம்தான் போனில் சொல்லியாகிவிட்டதே என்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்றாய். சின்ன வயதிலிருந்தே நீ இரண்டு முறை சரி என்றால் செய்யமாட்டாய் என்று பொருள். உன் கீசரின் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிகிறது, சர்வீஸ் யார் பண்ணுவது என்று வீட்டுக்காரம்மாவுக்கும் உனக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நீ சிரித்தபடி சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதே பேச்சுதான் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நின்றுபோனதும் கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் 'பார்க்கலாம்', எதைக் கேட்டாலும் "பார்க்கலாம் சார்" என்பார், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. "ஃபேன் என் பொறுப்புதான் சார், இல்லேன்னு சொல்லல. கீசரைக் கழட்டித் துடைச்சு சர்வீஸ் பண்றது உங்க பொறுப்பு. அதை முதல்ல பண்ணிடுங்க, அதே ஆளை வச்சு ஃபேனையும் மாட்டிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மாடி ஏறுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மெக்கானிக் வந்து ஏதோ ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால் அது என் சர்வீஸா, வீட்டுக்காரர் ரிப்பேரா? ஒப்பந்தத்தில் இருப்பது ஒரே வரி, சாதாரணப் பராமரிப்பு குடியிருப்பவரையும் பெரிய பழுது உரிமையாளரையும் சேரும் என்று. சாதாரணம் எங்கே முடிகிறது, பெரியது எங்கே தொடங்குகிறது? மறுபடி கீழே போய், முதலில் ஃபேனை மாட்டுங்கள் என்றேன். அவர், முதலில் சர்வீஸ் என்றார். சண்டை எதுவும் இல்லை, படியில் பார்க்கும்போதெல்லாம் ஒருவர் உடம்பை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். "நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்கன்னு வாசல்லயே நின்னு மழையில நனையற ரெண்டு மரியாதைக்காரங்க" என்று அம்மா சிரித்தாள்.

ஆனால் எனக்குள் பயம் இருந்துகொண்டே இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடும் அளவுக்கு இல்லை, சும்மா இருக்கவிடாத அளவுக்கு இருந்தது. அதனால் இரண்டு காரியம் செய்தேன். குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன், வீட்டுக்காரரைக் கேட்காமல் இந்த வீட்டில் நான் செய்த ஒரே காரியம் அதுதான். அடுத்து, குளித்து முடிக்கும்வரை சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த வருஷம் உங்களுக்குக் கீசர் பேய்" என்றாள், ஆனாலும் பேசினாள். பேச அவளுக்கு விஷயமா இல்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்த தப்புகளை வரிசையாக எடுத்தாள். நான் கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்குவேன், திட்டு கேட்கிறவரை நிம்மதி. வியாழக்கிழமை பஸ் கதை. "அந்தப் பஸ்ல என்னை விட்டுட்டு நீங்க மட்டும் இறங்கிப் போனீங்களே, அப்போ நான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போ நீ என்ன, சொல்லு என்றேன். முக்காலியை விட்டு எழுந்தேன். கதவைத் தள்ளினால் வாளியின் பக்கத்தில் சாய்ந்து கிடக்கிறாள், மேலே சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது. கேஸை மூடினேன், போர்வையைச் சுற்றி பால்கனிக்கு இழுத்து வந்தேன். கத்த வாய் திறந்தால் குரல் வரவில்லை, தரையைக் காலால் உதைத்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். அன்று அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அரைகுறை வாக்கியங்கள் எனக்கு இப்போது ஆவதில்லை மகளே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அவ்வளவுதான்.

பிறகு மெக்கானிக் வந்து பார்த்தார். கீசருக்குள் கரி அடைத்து, சுடர் சரியாக எரியாமல் விஷவாயு வந்திருக்கிறது, அது என் பங்கு. ஃபேன் இல்லாமல் அந்த வாயு வெளியே போக வழியில்லை, அது வீட்டுக்காரர் பங்கு. வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "நான் ஃபேனை மாட்டியிருக்கணும் சார்" என்றார். நான்தான் சர்வீஸ் பண்ணியிருக்க வேண்டும் என்றேன். பார், அப்போதும் நீங்கள் முதலில், நீங்கள் முதலில்தான். ஆகவே இரண்டாவது குறிப்புக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் இது: துடைப்பது, சுடரின் நிறத்தைக் கவனிப்பது, பழுது என்றால் உடனே சொல்வது குடியிருப்பவர் வேலை. ஃபேன், குழாய், பழசாகிப்போன பொருளை மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. நான் சொல்வது முழுக்கச் சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை, உன் ஒப்பந்தத்தையும் படித்துப் பார். ஆனால் யார் பொறுப்பு என்று தீரும்வரை அந்த வாயு காத்திருக்காது. நீயே மெக்கானிக்கைக் கூப்பிடு, வாதத்தை அப்புறம் வைத்துக்கொள். அதுவரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளி, ஜன்னலைத் திறந்து வை. காலையில் காரணமில்லாமல் தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதே, வெளியே வந்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் அண்டாமல் நூறாண்டு இருக்க எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு உண்டு. கீசரை மூடிவிட்டேன் என்று ஒரே ஒருமுறை சரி சொல்லிப் போன் செய்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. கீசரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள், சுவரில் ஆணிதான் இருக்கிறது. இன்று காலை அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா கதவைப் பாதி திறந்தே வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து, "ஏங்க, இருக்கீங்களா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி, "இருக்கீங்களா?" பஸ் கதையை முடி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். "என்னால முடியல. நீங்க பேசுங்க, நிறுத்தாம பேசுங்க" என்றாள். எனக்குப் பேச என்ன தெரியும், அவள் தப்பு ஒன்றையும் நான் சேர்த்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்தது வாடகை ஒப்பந்தம், முதல் விதியிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சாதாரணப் பராமரிப்பு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. மூன்றாவது குறிப்பு தவறு, அதை அடித்துவிடு. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.