இரண்டு கோடி இலக்கச் சக்களத்தி

மார்ச் 3, செவ்வாய்
மலாங் ஊர் முழுக்க மழை. என் வீட்டுக்காரர் ஹர்தோயோ இரண்டு வாய் கஞ்சி குடித்தார். ஈரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவர் கேட்பது ஒன்றுதான்: "லஸ்மினி, மெஷின் ஓடுதா?"

ஓடுகிறது, மூலையில் அவருடைய கம்ப்யூட்டர். அது சோதிப்பது, ஏழு கோடிச் சொச்சம் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண். இரண்டு கோடிக்கு மேல் இலக்கங்கள். அது பகா எண்ணா என்று தெரியாமல் இவர் கண்ணை மூட மாட்டாராம். கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு வயதான காலத்தில் இப்படி ஒரு சக்களத்தி.

மார்ச் 9
மின்சார மீட்டர், முன்கூட்டிக் கட்டிய காசு தீரப்போகிறதென்று கீச்சிட்டது. அடுப்பை விட்டுவிட்டுக் காசு கட்ட ஓடினேன். யாருக்காக — அவருக்கா, அவளுக்கா?

மார்ச் 14
கடைசி மீதி பூஜ்யம். சாதாரண வகுத்தல் இல்லை இது; இந்தச் சோதனையில் பூஜ்யம் வந்தால் பகா எண். ஆனால் வேறொரு இயந்திரமும் அதையே சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது இப்படி எண் தேடுகிறவர்கள் கூட்டத்தின் சட்டம். நான் நேரே போய் அவரிடம் சொல்லிவிட்டேன். என் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அப்புறம், "சோலோ ஊர்ல நம்ம கூட்டத்து தர்மாஜி இருக்காருல்ல, அவர் மெஷின்ல சரிபார்க்கச் சொல்லு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார்.

மார்ச் 15
மூச்சு விடாமல் இருக்க முடியுமா? நல்லது நடந்த வீட்டில் சோறு போடாவிட்டால் எப்படி? மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கோழி வறுத்து, தெருவையே கூப்பிட்டு துவா ஓத வைத்தேன். பக்கத்து வீட்டு ருக்மியா காதைக் கடித்தாள். "எதுக்குக்கா விருந்து? லாட்டரில நம்பர் விழுந்துச்சா?"

"நம்பர்தான். எதாலயும் வகுபடாத நம்பர்."

"அதை வச்சு என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. சோத்தைத் தின்னு."

உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று.

மார்ச் 20
தர்மாஜி போன் செய்தார். அவர் இயந்திரத்தில் மீதி பூஜ்யம் இல்லை. "உங்க மெஷின் சூட்டுல தப்பாக் கணக்குப் போட்டிருக்கு அக்கா. அது பகு எண்தான்."

தெருவே தின்னுட்டுப் போயாச்சே. இதை எந்த வாயால சொல்லுவேன்?

மார்ச் 21
சொன்னேன். பொய் சொன்னால் என் முகத்திலேயே படித்துவிடுவார்.

"சோறு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "எதால வகுபடுதாம்?"

"அது தெரியாதாம். வகுபடும்னு மட்டும்தான் தெரியுமாம்."

"அப்ப நீ தேடு. மெஷின் விசிறியை மாத்தி ஓட விடு. எந்த வகுத்தி வந்தாலும் அந்த ஏழு கோடிச் சொச்சத்தால வகுத்துப் பாரு. மீதி ஒண்ணுதான் வரணும். வேற வந்தா பொய்."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"பின்ன, சும்மா உக்காந்திருக்கப் போறியா?"

மார்ச் 29
விடிவதற்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 2
விசிறி மாற்றி வகுத்தி தேட விட்டிருந்த இயந்திரத்தை அணைக்கக் கை வரவில்லை. அவள் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. எனக்கும் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்.

ஜூலை 7
நேற்று அவருக்கு நூறாம் நாள் சோறு. ருக்மியாதான் பாத்திரமெல்லாம் கழுவிக் கொடுத்தாள்.

இன்று காலை திரையில் ஒரு வகுத்தி வந்திருந்தது. இருபத்திரண்டு இலக்கம். "ஏங்க, கிடைச்சிருச்சு" என்று அவர் அறைப் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன். கட்டில் இருந்த இடத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி அதை அந்த ஏழு கோடிச் சொச்சத்தால் வகுத்தேன். முதலில் தப்பாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

மீதி ஒன்று.