பேனலைத் துடைத்தாயா என்று கேட்டவருக்கு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் குட்டியும் இப்போது நலம். மத்தியானம் நலமில்லை. போனில் சொன்னால் "சரி சரி, டென்ஷன் ஆகாத, வை" என்பீர்கள். அதனால்தான், அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படியுங்கள்.

காலையிலிருந்தே குட்டிக்கு இழுப்பு. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு முதுகை நீவிவிட்டேன்; அடங்கவில்லை. நெபுலைசரை எடுத்து, மருந்தை ஊற்றி, மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்தேன். மெஷின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. போனால் போகட்டும், நமக்குத்தான் சோலார் இருக்கிறதே என்று தெம்பாக உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சுற்றவே இல்லை.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கண்ணைத் திறக்க முடியாத வெயில். உங்கள் பேனல்கள் ஜம்மென்று படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

மாட்டிய ஆளுக்குப் போன் போட்டேன். "லைன்ல கரண்ட் போனா இதுவும் தானா நின்னுடும் மேடம். இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். பேட்டரி வெச்சாத்தான் வீட்டுக்கு ஓடும். சார்கிட்ட அன்னைக்கே சொன்னேனே, அப்புறம் பாத்துக்கலாம்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். சொன்னீர்களா?

சொல்லாதது போகட்டும். "சோலார் வந்தாச்சு, இனிமே இந்தப் பழைய இன்வெர்ட்டரும் பேட்டரியும் எதுக்கு? அண்ணன் கடைக்குக் குடுத்துடு" என்றவரும் நீங்கள்தான். குழந்தை இருக்கிற வீடு, இருக்கட்டுமே என்றேன். "படிச்சவதானே நீ? மேல சூரியனையே வெச்சுக்கிட்டு பேட்டரிக்கு அழறியே" என்று சிரித்தீர்கள். படித்தவள்தான். புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதை எந்தக் காலேஜில் படித்தேன் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் அண்ணன் கடைக்குத்தான் ஓடினேன், வேறு எங்கே ஓடுவது? இடுப்பில் குட்டி, தோள்பையில் நெபுலைசர்; செருப்புகூடப் போடவில்லை. பாதி வழியில் கையிலிருந்த போன் அடித்தது. உங்கள் மெசேஜ்: "சோலார் ஆப்ல திடீர்னு சைபர் காட்டுது. பேனலைத் துடைச்சியா?" அவள் விலா உள்ளே போய்ப் போய் வருகிறது, உதடு வெளுத்துவிட்டது, நான் பேனலைத் துடைத்தேனா!

கடையில் நம் பேட்டரியின் தயவில், பட்டப்பகலில் போர்டு விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. செல்போன் சார்ஜர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நெபுலைசரைச் சொருகினேன். வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க, தரையில் உட்கார்ந்து அவளுக்கு மாஸ்க்கைப் பிடித்தேன். இழுப்பு அடங்க அடங்கத்தான் எனக்கு அழுகை வந்தது. உங்கள் அண்ணன், "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டாந்து வெச்சிருப்பேனே" என்றார். "சொல்ல வேண்டியவர் என்கிட்டயே சொல்லலையே மாமா" என்றேன். சாயங்காலமே ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றி வந்து, எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாட்டியாயிற்று. மெயினை அணைத்து, மெஷினை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அவரை அனுப்பினேன். உங்கள் அனுமதி கேட்கவில்லை.

நாளை அவளைப் பெரிய டாக்டரிடம் காட்டப் போகிறேன். அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். யூனிட் கணக்கு பேசாமல், அவளோடு பேசுங்கள். இருமினால் "பாக்க முடியலடி" என்று போனை வைத்துவிடாதீர்கள். நீங்கள் போனை வைத்துவிடலாம். நான் அவளை எங்கே வைப்பது?

அங்கே வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். கோபம் இன்னும் தீரவில்லை. நேரில் வந்து இரண்டு நாள் இவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் தீரலாம். லீவு கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா