மாப்பிள்ளை ஊர்வலத்தில் பந்தயக் கார்

4-9-1983, ஞாயிறு. கோவில்பட்டி.

தீப்பெட்டி ஆலை முதலாளி தன் மகனின் மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய பந்தயக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்கள், எஞ்சின் இல்லை. மச்சினனும் கூட உட்கார வேண்டுமென்று பக்கத் தகட்டை அறுத்துப் பலகை அடித்திருந்தார்கள்.

பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. சென்னைப் பந்தயத்தில் இந்தக் கார் கவிழ்ந்து ஓட்டியவர் இறந்ததைப் பத்திரிகையில் நான்தான் எழுதினேன். அன்று வளைந்த சட்டத்தில் இன்று மல்லிகைச் சரம்.

முதலாளி காதோடு சொன்னார்: "அவன் வேகமாப் போயிச் செத்தான். நம்ம வண்டிய எட்டுப் பேரு தள்ளுதானுவ, என்ன பயம்? பொண்ணு வீட்ல மூச்சு விட்டுராதிய. கல்யாணமே நின்னுரும்."

பெண்ணின் அப்பா என்னிடமே வந்து கேட்டார்: "ஜெயிச்ச வண்டியாமே அண்ணாச்சி?"

"ஆமா" என்றேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.