இருபத்துமூன்றாம் எண்

மே 4, திங்கள்

சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி இன்று தொடங்கியது. பத்து நாள். நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு பேரையும் ஏட்டில் ஏற்றினேன். இருபத்திரண்டு: பேத்தி, வயது ஒன்பது. இருபத்துமூன்று: பேரன், வயது ஆறு. மகள் நர்ஸ், பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாள். அவள் வரும்வரை இருவரும் என் பொறுப்பு. ரயிலேறும்போது, "அப்பா, அவன் வாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

முப்பத்தாறு வருடம் நூலகத்தில் அட்டவணை எழுதியவன் என்பதால் சபையில் ஏடு என் கைக்கு வரும். வேறு எதற்கும் என்னை அழைப்பதில்லை. நானும் போவதில்லை.

மே 5

யோனா கதை. பேரன் கேட்டானாம்: "மூணு நாள் மீன் வயித்துக்குள்ள இருந்தாரே, ஒண்ணுக்கு எங்க போனாரு?" பாட்டு டீச்சர், அதெல்லாம் கேட்கக் கூடாது என்றாராம். (பாட்டும் கதையும் அவர்தான்.) "ஏன், போகலியா?" என்றானாம் இவன். அதன் பிறகு வகுப்பு யோனாவை விட்டுவிட்டு மீனுக்காக வருத்தப்பட்டதாம்.

கண்டிக்கலாம் என்று அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் பதில் தெரியவில்லை. கண்டிக்கவில்லை.

மே 6

நோவாவின் பேழை. "அத்தனை மிருகத்துக்கும் சாணி அள்ளுனது யாரு?" டீச்சர் பதில் தேடுவதற்குள் பேத்தி சொல்லிவிட்டாளாம்: "மருமகளுங்கதான். வேற யாரு?"

மே 7, வியாழன்

டீச்சர் போதகரிடம் போய்விட்டார். போதகர் என் மகளைவிட இளையவர். ஆனாலும் அவரைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. டீச்சர் ரொம்ப சங்கடப்படுறாங்க. தம்பி பேரை மட்டும் எடுத்துடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சரிங்க பாஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னேன். அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் அடித்தேன். கோடு நேராக வந்தது. அதில் ஒரு கணம் திருப்தி வேறு பட்டேன். என்ன மனுஷன் நான்?

பேரனிடம், "நாளையிலிருந்து நீ என்னோடு வாசல் மேசையில்" என்றேன். பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டு குதித்தான்.

மே 8

பேத்தி ஏட்டைப் பார்த்துவிட்டாள்.

"யாரு அடிச்சா?"

"பாஸ்டர் சொன்னாரும்மா."

"யாரு சொன்னான்னு கேக்கல. யாரு அடிச்சா?"

அத்தோடு பேச்சு நின்றது. தண்ணீர் வேண்டுமா என்றால்கூடத் தம்பி மூலம்தான் பதில் வருகிறது.

மே 11, திங்கள்

சனி, ஞாயிறு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருவரும் கூட்டம் போட்டார்கள். எதற்கு என்று இன்று புரிந்தது. வசனத்தைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் ஒரே பிள்ளை பேத்திதான்; டீச்சரின் செல்லம். அவள் கை தூக்கி, "டீச்சர், ஒரு சந்தேகம்" என்று மடித்த தாள் ஒன்றைப் பிரித்தாளாம். கேள்விகள் தம்பியுடையவை, கையெழுத்து அக்காவுடையது. வாசல் மேசையில் அவன் காலை ஆட்டியபடி, "இப்ப மூணாவதைக் கேப்பா" என்றான். உள்ளே பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "கேட்டுட்டா" என்றான்.

மே 12

அவள் பெயரையும் அடிக்கச் சொல்வார்கள் என்று காலையிலிருந்து எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. செல்லப் பிள்ளையின் பெயரை எப்படி அடிப்பது? ஆக, கேள்வி குற்றமில்லை. கேட்கிற ஆள்தான் குற்றம். இதை எழுத வருகிறது. அவர்களிடம் போய்ச் சொல்லத்தான் —

மே 14

நாளை நிறைவு விழா. நான் மைக் முன் நின்று ஏட்டிலிருந்து பெயர் பெயராக வாசிப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறிச் சான்றிதழ் வாங்கும். மகள் ரயிலிலிருந்து நேரே வருகிறாள். பேரன் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறான். அவனுக்கு இன்னும் தெரியாது.

"தாத்தா, என் பேரைச் சத்தமா படிங்க. அம்மாவுக்குக் கேக்கணும்."

பேத்தி என்னையே பார்த்தாள். நான் அவசரமாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

போதகரிடம் பேசிவிடலாம் என்று சபை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை அவரே வெளியே வந்து, "என்ன ஐயா?" என்றார். "சும்மா நடக்குறேன் பாஸ்டர்" என்றேன்.

மே 15, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வாசித்தேன். பேத்தி ஏறினாள், வாங்கினாள், இறங்கவில்லை. மேடை ஓரத்திலேயே நின்றாள். அடுத்த வரியில் சிவப்புக் கோடு. போதகர் இருபத்துநான்காம் பிள்ளையின் சான்றிதழை நீட்டிப் பிடித்திருந்தார். கூடம் காத்திருந்தது. பேரனின் பெயரை வாசித்தேன். சத்தமாக.

தைரியமா? இல்லை, எண் ஒன்று விட்டுப்போனால் தாங்காத பழக்கமா? இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன். முடிவுக்கு வர முடியவில்லை.

அவன் ஓடி வந்து ஏறிவிட்டான். போதகர் என்னைப் பார்த்தார். "அவனும் வந்தான் பாஸ்டர். பத்து நாளும் வந்தான். உள்ள விடாதது நாமதான்" என்றேன். மைக் வாயருகே இருந்ததை மறந்துவிட்டேன். கூடம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் மகள் எழுந்து கைதட்டினாள், விஷயமே தெரியாமல்.

போதகருக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு வெற்றுத் தாளை எடுத்து அவன் பெயரைப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பேரன் அதை எல்லோரிடமும் காட்டினான்: "எனக்கு மட்டும் கையால எழுதினது."

வெளியே வந்ததும் மகள், "அப்பா, நீங்களா பேசினீங்க?" என்றாள்.

"அவன் பேரை அடிச்சதும் தாத்தாதான்" என்றாள் பேத்தி. ஒரு வாரத்தில் என்னைப் பற்றி அவள் வாய் திறந்தது இதற்குத்தான்.

மே 17, ஞாயிறு

மூவரும் கிளம்பினார்கள். வண்டி நகரும் முன் பேத்தி ஒரு தாளை என் கையில் திணித்தாள். பதினான்கு கேள்விகள்.

"இதெல்லாம் கேக்காம விட்டது. பதில் எழுதி வைங்க தாத்தா. அடுத்த லீவுக்கு வந்து பாப்பேன்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னு எழுதுங்க. பயந்துக்கிட்டு எதையாவது எழுதாதீங்க."

மே 20

எட்டுக் கேள்விகளுக்குத் தெரியவில்லை என்று எழுதியாயிற்று. ஒன்பதாவது: 'செத்துப்போன லாசரு எழுந்து வந்தாரே, அவர் ரெண்டாவது தடவை செத்தப்ப வீட்ல அழுதாங்களா, இல்ல மறுபடி எழுந்துடுவாருன்னு சும்மா இருந்தாங்களா?'

அறுபது வருடமாகக் கேட்கிற கதை. ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மே 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே போதகரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பாட்டு டீச்சர்தான் கைப்பையை மூடிக்கொண்டே, "ரெண்டு மூணு நாள் பாத்திருப்பாங்க ஐயா. அப்புறம் அழுதிருப்பாங்க" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதே வேகத்தில் பத்தாவதையும் கேட்டேன். போதகருக்கு அவசர வேலை வந்துவிட்டது.