நிற்கும்போது எடுத்த அளவு

மார்ச் 3, திங்கள்

ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்தி இன்றோடு ஐந்து மாதம். என் மனைவி அதில் ஏறாமல் இருப்பதும் ஐந்து மாதம். இவளுக்கு முதுகில் வட்டு விலகியிருக்கிறது, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வண்டியோ சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்னால் ‘டொக்’ என்று அடிக்கிறது.

இவளுடைய அக்கா மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒன்பது கிலோமீட்டர் கல் பாதை, ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. போன மாதம் அக்கா வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு தனியாகக் கிடக்கிறார். இவள் போனில் அழுகிறாள். வண்டியை உயர்த்தச் சொல்லி என்னை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 4

மெக்கானிக் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தார். “உயரமான ஸ்பிரிங் போட்டீங்க, சரி. ஷாக் அப்சார்பர் பழைய நீளம்தானே? சும்மா நிக்கும்போதே முழுசா நீண்டுபோய் நிக்குது. சக்கரம் பள்ளத்துல இறங்கினா அதுக்கு மேல எங்கண்ணே நீளும்? அதான் டொக்குனு இழுக்குது.”

நீளமானது வாங்க வேண்டும். அளவெடுத்து நீங்களே வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன் என்றார். அளவா! இருபது வருடமாக அலுமினிய ஜன்னலுக்கு அளவெடுத்துப் பிழைக்கிறவன் நான்.

மார்ச் 5

அளந்தாயிற்று. மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை இருபத்தோரு அங்குலம். முழுதாக நீண்டால் இருபத்திரண்டு வருகிற மாதிரி வாங்கினால் போதும். முழுசாக ஓர் அங்குலம் விடுகிறேன். ஜன்னலுக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நான் விட்டதே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

எண்ணெய் ஷாக்கா, காஸ் ஷாக்கா? ‘சேறு’வைக் கேட்டேன். என் பழைய கூட்டாளி. வாராவாரம் ஜீப்பை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர்.

“மச்சான், கண்ண மூடிக்கிட்டு காஸ் போடு. பக்கத்துல தனி டப்பாவோட வரும் பாரு, அது. இரும்பு மாதிரி நிக்கும். எண்ணெய் ஷாக்கெல்லாம் காய்கறி வாங்கப் போறவனுக்கு.”

அதையே வாங்கிவிட்டேன். உண்மையை எழுத வேண்டுமென்றால், அந்த டப்பா பார்க்க ஜோராக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று மாட்டினோம். இன்று இவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினேன். இடுப்புக்குப் பின்னால் தலையணை, கை ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியில். அக்காவுக்கு ஒரு பை நிறைய மருந்தும் துணியும் மடியில்.

கல் பாதையில் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மேட்டில் தூக்கிப் போட்டது, பள்ளத்தில் அதே டொக். “நிறுத்துங்க” என்றாள். இறங்கி பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “புதுசுதானே, போகப் போகச் சரியாயிடும்” என்றேன்.

“எது, என் முதுகா?”

வீடு வரை நடந்தே வந்தாள். அவள் பின்னால் முதல் கியரில் ஜீப்பை உருட்டிக்கொண்டு வந்தேன். சே, என்ன பிழைப்பு இது. பை பின் சீட்டிலேயே கிடக்கிறது.

மார்ச் 17

பேச்சு இல்லை. சாப்பாடு உண்டு.

மார்ச் 18

இவள் வீட்டிலேயே தையல் போடுகிறவள்; ஒரு பெயிண்டர் சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்தார். இன்ச் டேப்போடு அவரைப் பாடாய்ப் படுத்தினாள். “கையத் தூக்குங்க. இன்னும். கூரைக்கு அடிக்கிற மாதிரி. இப்ப குனிங்க.” அவர் நெளிந்தார். “சும்மா நிக்கும்போது எடுத்த அளவுல தைச்சா, கையத் தூக்கினதும் அக்குள்ல கிழிஞ்சிரும்ணே” என்றாள்.

வாசலில் நின்றிருந்தேன். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். இரண்டு நாளில் முதல் பேச்சு.

“அன்னைக்கு வண்டிய எப்படி அளந்தீங்க?”

“நிறுத்தி வெச்சுதான்.”

டேப்பை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் நகராது. வைத்த இடத்தில் நிற்கும். வண்டி அப்படியா? இருபது வருட அனுபவமாம், மண்ணாங்கட்டி.

மார்ச் 19

மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். “நீங்க வாங்கிட்டு வந்தீங்க, நான் மாட்டினேன். அளவு விஷயத்துல உங்ககிட்ட வாய் குடுக்க முடியுமா?” என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஷாக்கைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை அதன் பாட்டுக்குத் தொங்கவிட்டு அளந்தோம். இருபத்து நான்கரை! அப்புறம் சக்கரம் மேலே ஏறி ரப்பர் தடுப்புக் கட்டையில் முட்டும் வரை வண்டியை அமுக்கி அளந்தோம். பதினாறு. விரிந்தால் இருபத்தைந்து, சுருங்கினால் பதினைந்தரை வருகிற ஷாக் வேண்டும். முன்பக்கம் வேறு அளவு, அதையும் எடுத்துக்கொண்டேன்.

“வண்டியில என்ன ஏத்துவீங்க?”

“நாங்க ரெண்டு பேரு. ஒரு பை.”

“அதுக்கு எதுக்குண்ணே அவ்வளவு விறைப்பானது? மெத்துன்னு எண்ணெய் ஷாக் போடுங்க.”

சேறுவிடம் அந்த டப்பா ஷாக்குகளைக் கொடுத்துவிட்டேன். அவன் வண்டியில் அவை நன்றாக இருக்கும்.

மார்ச் 27

மாட்டியாயிற்று. தனியாக மூன்று கிலோமீட்டர் மேலே போய்ப் பார்த்தேன். டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு போனேன், பாதிதான் சிந்தியது. இவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் இவளாகவே தலையணையோடு வந்து ஏறினாள். பின் சீட்டில் கிடந்த பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். முதல் பெரிய பள்ளம் வந்தது. ஜீப் இறங்கியது, ஏறியது. டொக் இல்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் கைப்பிடியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

அக்கா கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுததில் என்னை மறந்தேவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான், “மாப்ளே, உள்ள வாங்க” என்றார் அக்கா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறங்கும்போது இவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள். தலையணை இல்லை. அக்கா வீட்டுக் கட்டிலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்பது கிலோமீட்டரும் சும்மாதான் சாய்ந்து உட்கார்ந்து வந்திருக்கிறாள். இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“திரும்பிப் போய் எடுத்துட்டு வரவா?” என்றேன்.

“இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை போறோம்ல.”