நாலாவது மச்சான்

இன்று கல்லறைத் திருநாள். உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் டோல்கேட் ஜவுளிக் கடையில் ஒரு வேட்டி வாங்கினேன். கடைக்காரர் மடிப்பைப் பிரித்து உதறியதும் கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன். அவர் தெற்கத்திக்காரர், மரியாதை தெரிந்தவர். ஆமாம், இன்றைக்குத் தூசி அதிகம்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். யாருக்கு என்று கேட்டார். என் மச்சானுக்கு என்றேன்.

துணிக்கடை என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நான், தானாகப் போய் வேட்டி வாங்கியதைப் பார்த்திருந்தால் நீ தெருவுக்கே சொல்லிச் சிரித்திருப்பாய்.

சண்டைக் காலத்தில் ஒரு பாஸ்குத் திருநாளுக்கு, அந்த ஈஸ்டருக்கு, நீ வாங்கி வைத்ததும் இதே மாதிரி பச்சைக் கரைதான். எட்டு முழம். உன் தம்பி கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போயிருந்தான். பாஸ்குக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். தாய் தகப்பன் இல்லாமல் நீ தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த வேட்டியைத் தினம் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்ப்பாய். அது எங்கேயும் ஓடிப் போகாது என்று நான் கிண்டல் செய்வேன்.

பாஸ்கு வந்தது, அவன் வரவில்லை. ஜப்பான்காரன் ஆகாசத்திலிருந்து குண்டு போட்டுக் கப்பல்களை மூழ்கடிக்கிறான் என்று துறைமுகமெங்கும் பேச்சு. பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன், என்னை விடமாட்டார்கள். உன்னை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அவன் வந்து, வூடு பூட்டிக்கீதுன்னு திரும்பிப் போயிட்டான்னா?" என்றாய். அதற்குமேல் உன்னோடு பேச முடியுமா?

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில்தான் கரையில் மூன்று உடல்கள் ஒதுங்கின. குண்டு விழுந்த ஏதோ கப்பலின் ஆட்கள். உப்புத் தண்ணீரில் ஊறி, இன்னாரென்று தெரியாத கோலம். எந்த நாடு, எந்தச் சாமி, ஒன்றும் தெரியவில்லை. குப்பத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். சின்னச் சாவுக்கே தெருவை அதிர வைக்கிறவர்கள், அன்று ஒருத்தி வாய் திறக்கவில்லை. கல் நெஞ்சம் இல்லை. ஒப்பாரிக்கு உறவுமுறை வேண்டும். அப்பா என்றோ, அண்ணா என்றோ, மகனே என்றோ கூப்பிட்டுத்தானே அழுகிறோம்? யாரென்று தெரியாதவனை என்ன சொல்லி அழுவது?

நீ அவர்களை ஒரு நிமிஷம் பார்த்தாய். வீட்டுக்குப் போனாய். திரும்பி வரும்போது கையில் அந்த வேட்டி இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு எடுத்த கோடித் துணியைப் பிணத்துக்குப் போர்த்துவதா என்று உன் கையைப் பிடித்தேன். ஆகாத காரியம், வேண்டாம் என்று கெஞ்சினேன். நீ என் கையை விலக்கிவிட்டாய்.

"அவன் வந்தா வேற வாங்கிக்கலாம்யா. வரலன்னா, அவன் ஒதுங்குன கரையில எவளாவது ஒருத்தி அவனுக்கு ஒரு துணி போத்தியிருக்கட்டும்."

மூன்றாகக் கிழித்தாய். மூன்று பேருக்கும் போர்த்தினாய். மணலில் உட்கார்ந்து, தம்பீ என்று நீ எடுத்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு உறவு கிடைத்ததும் மற்றவர்களுக்கும் வழி பிறந்துவிட்டது. கிழவிகள் மகனே என்றார்கள், குமரிகள் அண்ணா என்றார்கள். அவ்வளவு பேர் அழுத சாவை நம் குப்பம் அதற்குப்பின் பார்க்கவில்லை.

நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அழுகையின் நடுவே என்னைத் திரும்பிப் பார்த்தாய். "எனக்குத் தம்பின்னா உனக்கு இன்னா ஆவணும்? மச்சான்தானே? மம்பட்டிய எட்த்துகினு வா" என்றாய். போய் எடுத்துவந்தேன். வேறென்ன செய்வது? மணல் மேட்டில் மூன்று குழி வெட்டிய ஆட்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உடைந்தாய். நானே அவனை வாரிக் குடுத்துட்டனா என்று கேட்டாய். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? சண்டை முடிந்தது. கப்பல்கள் வந்தன, போயின. அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நீ அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நாலு மெழுகுவர்த்தி வாங்குவாய். மூன்றை மணல் மேட்டில் ஏற்றுவாய். நாலாவதை முந்தானையில் முடிந்து வீட்டுக்கே கொண்டுவருவாய். கடல் அந்த மேட்டை அரித்துத் தின்ற பிறகு, கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் மூன்றை ஏற்றினாய். அப்போதும் நாலாவது முந்தானையில்தான்.

போன தை மாதம் நீ படுக்கையில் கிடந்தபோது நானே கேட்டேன், இனிமேலாவது அவனுக்கும் ஏற்றிவிடட்டுமா என்று. அந்த நிலையிலும் உனக்குக் குறும்பு போகவில்லை.

"நான் போறேனே, அங்க கீறானான்னு பாக்கறேன். இருந்தா வந்து சொல்றேன், அப்ப ஏத்து."

பத்து மாதம் ஆகிறது. ஒரு கனவில்கூட வந்து சொல்லவில்லை. அதனால் இன்று உன் தலைமாட்டில் உனக்கு ஒன்று, நம் மணல் மேட்டு மூன்று பேருக்கு மூன்று, அவ்வளவுதான் ஏற்றினேன். மிச்சம் ஒன்றைச் சும்மா நட்டு வைத்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் மெழுகுவர்த்தியை நீட்டினாள்.

"இது ஒண்ணு எரியாம கீதே நைனா, ஏத்தட்டா?"

"வேணாம்மா. அது எங்க நாலாவது மச்சானுது. ஆளு இன்னும் வூட்டுக்கு வரல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வந்தால் வேறு வாங்கலாம் என்ற நீ, அதுவும் பிணத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் கடைசிவரை வாங்கவேயில்லையே. அங்கிருந்து நேராக டோல்கேட்டுக்கு நடந்தேன்.

வேட்டி இப்போது உன் பெட்டியில் இருக்கிறது. மகள் தன்னோடு திருவொற்றியூருக்கு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள், வாயில் வந்த எதையோ சொன்னேன். உனக்குத் தெரியும். நான் இருக்கிறவரைக்கும் இந்த வீடு பூட்டிக் கிடக்காது.